ஆய்வு மாணவர் மன்றத்தை ஆலோசனை மையமாக்காதீர்கள்: பல்கலைக்கழக நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துணைவேந்தர், பதிவாளர், ஆட்சிக்குழு உறுப்பினர்கள் ஆகியோருக்கு,

ஆலோசனை உளவியல் துறையின் முனைவர் பட்ட ஆய்வாளர்கள் தங்களுக்குள் வாக்களித்து நடத்திவரும் மன்றத்தின் தலைவர் பொறுப்பில் இருந்து இதை எழுதுகிறேன். இந்தக் கல்வியாண்டில் தாங்கள் வெளியிட்ட சுற்றறிக்கை, எங்கள் மன்றத்துக்கு ‘மாணவர் மனநல ஆலோசனை மையம்’ என்று பெயர் சூட்டி, அதன் பொறுப்பாளர்கள் அனைவரையும் ஆலோசகர்களாக அறிவித்து, வேலை நாள்கள் முழுவதற்கும் முறைப்பட்டியலும் வகுத்துவிட்டது. அதற்கு முன் மன்றத்திடம் ஒரு வார்த்தை கேட்கப்படவில்லை. துறைத் தலைவர் வழியாக நாங்கள் அனுப்பிய கடிதங்களுக்கு இன்றுவரை பதில் இல்லை. எங்கள் சொந்தக் கைப்பேசி எண்கள் விடுதிச் சுவரொட்டிகளில் அச்சாகி ஒட்டப்பட்ட பிறகு, கோப்புகள் வழியாகப் பேசிக்கொண்டிருப்பதில் பயனில்லை என்று மன்றம் முடிவு செய்தது.

இந்தச் சுற்றறிக்கை எதனால் அவசரமாகப் பிறந்தது என்பது எங்களுக்குத் தெரியும். விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் படித்துவந்த 17 வயது மாணவியின் மரணம் தொடர்பான சுகதேப் சாஹா வழக்கில், 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் கல்வி நிறுவனங்களுக்கு 15 வழிகாட்டுதல்களைப் பிறப்பித்தது. சட்டம் இயற்றப்படும் வரை அவையே சட்டம் என்றும் அறிவித்தது. 2022ஆம் ஆண்டில் மட்டும் நாட்டில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் தரும் கணக்கு அந்தத் தீர்ப்பின் பின்னணியில் இருக்கிறது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் ஒவ்வொரு நிறுவனமும், குழந்தைகள் மற்றும் வளரிளம் பருவத்தினரின் மனநலத்தில் பயிற்சி பெற்றதை மெய்ப்பிக்கக்கூடிய ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையேனும் நியமிக்கவோ பணியில் ஈடுபடுத்தவோ வேண்டும் என்பது அவ்வழிகாட்டுதல்களில் ஒன்று. பல ஆயிரம் பேர் படிக்கும் நம் பல்கலைக்கழகத்தில் அத்தகைய பணியிடம் ஒன்றுகூட இல்லை. பணியிடத்தை உருவாக்கினால் நிதித்துறை அனுமதி, இட ஒதுக்கீட்டுச் சுழற்சி, விளம்பரம், நேர்காணல் என்று எத்தனையோ படிகள் உண்டு. ஆலோசனை உளவியல் என்ற பெயருள்ள துறையும், அதில் ஊதியம் கேட்காத ஆய்வாளர்களும், அவர்களுக்கு ஒரு மன்றமும் வளாகத்திலேயே இருப்பது யாரோ ஒருவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

துறையின் பெயரை வைத்து எங்கள் தகுதியை முடிவு செய்துவிட்டீர்கள். இந்தியாவில் முனைவர் பட்டம் என்பது ஆராய்ச்சிப் பட்டம். பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட விதிமுறைகள்தாம் இயற்பியலுக்கும் வரலாற்றுக்கும் எங்களுக்கும் பொது. அவை கோருவது குறைந்தது 12 மதிப்பலகுகளுக்கான (கிரெடிட்) பாடப்பயிற்சி, ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் பருவந்தோறும் அறிக்கை, ஆய்வேடு, வாய்மொழித் தேர்வு. மேற்பார்வையாளர் ஒருவரின் கண்காணிப்பில் இத்தனை மணி நேரம் மனிதர்களோடு அமர்ந்து ஆலோசனை வழங்கியிருக்க வேண்டும் என்று அவற்றில் எங்கும் இல்லை. அமெரிக்காவில் இதே துறையில் அங்கீகாரம் பெற்ற முனைவர் படிப்பில் சேர்பவர்கள் பல ஆண்டுகள் செய்முறைப் பயிற்சி பெற்று, பட்டத்துக்கு முன் ஓராண்டு முழுநேர உள்ளகப் பயிற்சியையும் முடிக்க வேண்டும்; ஒவ்வொரு கட்டத்திலும் உரிமம் பெற்ற உளவியலாளர் ஒருவர் அவர்களுக்கு மேலே பொறுப்பேற்றிருப்பார். இங்கே நிலைமை வேறு. எங்கள் மன்றத்திலேயே ஒருவர் ஆசிரியர்களின் பணிச்சோர்வை அளவிடும் வினாநிரலைத் தமிழில் தரப்படுத்திக்கொண்டிருக்கிறார். இன்னொருவரின் ஆய்வு முழுவதும் புள்ளியியல் மாதிரிகள். முதுகலையில் செய்த களப்பயிற்சிக்குப் பிறகு ஆலோசனை நாடி வந்த ஒருவர் எதிரில் அவர்கள் அமர்ந்ததில்லை. அவர்கள் திறமையான ஆய்வாளர்கள். ஆனால், இரவில் மனம் உடைந்து அழைக்கும் பதினெட்டு வயது மாணவர், தாம் பேசுவது பயிற்சி பெற்ற ஆலோசகரிடம் என்று நம்பித்தான் பேசுகிறார். அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் உங்கள் சுவரொட்டியைத் தவிர வேறில்லை.

முறைப்பட்டியல் தொடங்கியபின் நடந்தவற்றுள் என்னால் சொல்ல முடிந்தவற்றை மட்டும் சொல்கிறேன். எங்களிடம் வந்தவர்கள் பேசியது எதையும் இந்த மடலில் எழுத மாட்டேன். பெயரை மாற்றி எழுதுவதும் எனக்கு ஏற்புடையதில்லை.

முதலாவது, நாங்கள் யார் என்பது பற்றியது. அதே மானியக் குழு விதிமுறைகளின்படி ஆய்வாளர்களுக்கு வாரத்துக்கு 4 முதல் 6 மணி நேரம் கற்பித்தல் அல்லது ஆய்வு உதவிப் பணி தரலாம். பயிற்சி வகுப்புகளும் ஆய்வகப் பணியும் மதிப்பீடும் அதில் அடங்கும். அந்த வகையில் நாங்கள் இளநிலை, முதுநிலை மாணவர்களுக்கு வகுப்பு எடுக்கிறோம், அகமதிப்பீட்டு மதிப்பெண் இடுகிறோம், வருகைக் குறைவைக் குறிக்கிறோம். முறைப்பட்டியல்படி நான் மையத்தில் அமர்ந்திருந்த ஒரு பிற்பகலில், என் பயிற்சி வகுப்பில் படிக்கும் மாணவர் ஒருவரே கதவைத் திறந்தார். என்னைக் கண்டதும் தயங்கினார். வேறு யாரும் இல்லாததால் உள்ளே வந்து பேசினார். அதன்பின் என் வகுப்புக்கு அவர் வரவில்லை. அவர் வராத நாள்களுக்கு வருகைப் பதிவேட்டில் குறியிட வேண்டியவளும் நானே. உலகம் முழுவதிலும் எங்கள் தொழிலின் அறநெறிக் கோவைகள், ஒருவரிடம் அதிகாரம் செலுத்தும் வேறொரு பொறுப்பில் இருந்துகொண்டே அவருக்கு ஆலோசகராகவும் இருப்பதைத் தவிர்க்கச் சொல்கின்றன. இதை முதலாண்டு முதுகலை மாணவர்களுக்கு நாங்களே பாடமாக நடத்துகிறோம். நடத்தி முடித்ததும் மையத்துக்குப் போய் அதற்கு மாறாக அமர்கிறோம்.

இரண்டாவது, பதிவேடு. மையத்துக்கு ஒதுக்கப்பட்ட அறை தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் நடைக்கூடத்தில் இருக்கிறது. மறுமதிப்பீட்டுக்கும் அரியர் கட்டணத்துக்கும் வரிசையில் நிற்பவர்கள் அனைவரும், யார் உள்ளே போகிறார்கள், எவ்வளவு நேரம் கழித்து எந்த முகத்தோடு வெளியே வருகிறார்கள் என்பதைப் பார்க்க முடியும். வாசலில் உள்ள பதிவேட்டில் பெயர், பதிவு எண், துறை, வந்த காரணம், கையொப்பம் என்று கட்டங்கள் இருக்கின்றன. காரணம் என்ற கட்டத்தில் ‘புத்தகம் வாங்க’, ‘தலைவலி’ என்றெல்லாம் எழுதிவிட்டுத்தான் பலர் உள்ளே வருகிறார்கள். பதிவேட்டைப் பார்த்ததும் திரும்பிப் போனவர்கள் உண்டு. அவர்களுக்கு என்ன தேவைப்பட்டது என்பதை இனி யாரும் அறியப்போவதில்லை. மாத இறுதியில் இந்தப் பதிவேட்டின் நகல் பதிவாளர் அலுவலகத்துக்கு அனுப்பப்பட வேண்டும் என்பது வாய்மொழி உத்தரவு. நாங்கள் இதுவரை அனுப்பவில்லை, இனியும் அனுப்பப்போவதில்லை. உச்ச நீதிமன்றம் கேட்டது அடையாளம் நீக்கிய பதிவுகளையும், அவற்றின் அடிப்படையிலான ஆண்டறிக்கையையும். நீங்கள் கேட்பது கையொப்பமிட்ட பெயர்ப் பட்டியலை. மனநலச் சிகிச்சை பெறுபவரின் தகவல்கள் இரகசியமாகக் காக்கப்பட வேண்டும் என்பதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தன் 23ஆம் பிரிவில் உரிமையாகவே ஆக்கியிருக்கிறது. எங்கள் அறைக்கு அந்தப் பிரிவு எழுத்துக்கு எழுத்துப் பொருந்துமா என்று சட்ட ஆலோசகர் கேட்கலாம். பொருந்தாது என்று அவர் வாதிட்டு வென்றால், அந்த அறைக்குள் எந்தச் சட்டப் பாதுகாப்பும் இல்லாமல்தான் மாணவர்களை அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருளாகும். இதற்கிடையே விடுதிக் காப்பாளர் ஒருவர் எங்கள் உறுப்பினரை வழியில் நிறுத்தி, “அந்தப் பொண்ணு உங்ககிட்ட என்ன சொன்னா, வீட்டுக்குத் தகவல் சொல்லணுமா?” என்று கேட்டார். அவருடைய அக்கறையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால், அந்தக் கேள்வியை யாரிடம் கேட்கலாம், யார் பதில் சொல்லலாம் என்று அவருக்கோ எங்களுக்கோ வழிகாட்டும் எழுத்துபூர்வமான நடைமுறை எதுவும் இந்த வளாகத்தில் இல்லை.

இரகசியம் காப்பதற்கும் எல்லை உண்டு. உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் அதை மீறியாக வேண்டும். எப்போது மீறுவது, யாரிடம் சொல்வது என்ற முடிவுதான் இந்தத் தொழிலில் ஆகக் கடினமானது. 1969இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில், இந்திய மாணவர் ஒருவர் ஒரு பெண்ணைக் கொல்லப்போவதாக வளாக மருத்துவமனையின் உளவியலாளரிடம் சொன்னார். உளவியலாளர் வளாகக் காவலர்களுக்குத் தெரிவித்தார். அவர்கள் அந்த மாணவரைப் பிடித்து விசாரித்துவிட்டு விடுவித்தார்கள். மருத்துவமனையின் மனநலப் பிரிவுத் தலைவர் மேல்நடவடிக்கை வேண்டாம் என்றார். அந்தப் பெண்ணுக்கோ அவர் குடும்பத்துக்கோ யாரும் எச்சரிக்கை தரவில்லை. அவர் கொல்லப்பட்டார். 1976இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் தாராசாஃப் வழக்கில் அளித்த தீர்ப்பு, ஆபத்துக்கு உள்ளாகக்கூடியவரைப் பாதுகாக்கும் கடமை சிகிச்சையாளருக்கு உண்டு என்று நிறுவியது. அங்கே தகுதி பெற்ற உளவியலாளர் இருந்தார், அவருக்கு மேல் மனநல மருத்துவர் இருந்தார், வளாகக் காவலர்களும் இருந்தார்கள், அப்படியிருந்தும் தவறியது. இங்கே இரவு அழைப்பு வரும்போது எங்கள் உறுப்பினருக்கு இருப்பது கைப்பேசி ஒன்றுதான். அவர் யாரை அழைத்துக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று சுற்றறிக்கையில் ஒரு வரி இல்லை. ஏதேனும் தவறு நடந்தால் விசாரணைக் குழுவின் முன் நிற்கப்போகிறவர் யார் என்பது மட்டும் முறைப்பட்டியலில் பெயரோடும் தேதியோடும் தெளிவாக இருக்கிறது.

இதற்கு நிர்வாகத் தரப்பில் வாய்மொழியாகச் சொல்லப்பட்ட சமாதானங்கள் எங்கள் காதுக்கும் வந்தன. ஆய்வாளர்களுக்கு இது நல்ல அனுபவம் என்கிறார்கள். மருத்துவக் கல்லூரியில் பயிற்சி மருத்துவர் இரவுப் பணி பார்ப்பதை எடுத்துக்காட்டுகிறார்கள். அவருக்கு உதவித்தொகை உண்டு, அந்த இரவில் அவருக்கு மேல் பணி மருத்துவர் உண்டு, அவர் செய்யும் பணி அவருடைய பட்டத்தின் பகுதியாகக் கணக்கிடப்படும். எங்களில் தேசியத் தகுதித் தேர்வின் வழியாக இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறுபவர்களுக்கு மாதம் 37,000 ரூபாய் கிடைக்கிறது. அது முழுநேர ஆராய்ச்சிக்காகத் தரப்படுவது. மற்றவர்களில் பலருக்கு எந்த உதவித்தொகையும் இல்லை. மாலையில் தனிப்பயிற்சி வகுப்பு எடுத்து விடுதிக் கட்டணம் கட்டுபவர்கள் அவர்கள். மையத்தில் அமர்ந்த மணி நேரங்கள் யாருடைய மதிப்பலகிலும் சேரவில்லை, யாருடைய ஆய்வுக் காலமும் அதற்காக நீட்டிக்கப்படப்போவதுமில்லை.

சென்னையில் 1986 முதல் இயங்கும் சிநேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பில் தன்னார்வலர்கள் செய்வதை உங்களால் ஏன் செய்ய முடியாது என்றும் கேட்கப்பட்டது. சிநேகாவைப் பற்றி எங்கள் துறைக்கு மரியாதை மட்டுமே உண்டு; அதனாலேயே இந்த ஒப்பீட்டை ஏற்க முடியவில்லை. அங்கே தன்னார்வலர்கள் பயிற்சி பெற்றபின்தான் அழைப்பை எடுக்கிறார்கள்; தாமே விரும்பி வந்தவர்கள்; உணர்வுபூர்வமான ஆதரவு தருவதாகச் சொல்கிறார்களே தவிர சிகிச்சை தருவதாகச் சொல்வதில்லை; அழைப்பவர் தம் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் வகுப்பில் அழைத்தவருக்கு மதிப்பெண் போடும் தன்னார்வலர் அங்கே யாரும் இல்லை.

மன்றம் எதற்காக இருந்தது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனெனில் இந்தச் சுற்றறிக்கையால் அதுவும் பறிபோயிற்று. உதவித்தொகை மாதக்கணக்கில் தாமதமாகும்போது நிதிப் பிரிவிடம் ஒன்றாகப் போய்க் கேட்டது மன்றம். நெறியாளர் மாற்றத்துக்கு விண்ணப்பித்துத் தவித்த ஆய்வாளருக்குத் துணை நின்றது மன்றம். தமிழில் தரப்படுத்தப்பட்ட உளவியல் அளவுகோல்கள் மிகக் குறைவாக இருக்கும் நிலையில், மூத்த ஆய்வாளர்கள் மொழிபெயர்த்தவற்றைத் தொகுத்துப் புதியவர்களுக்குக் கிடைக்கச் செய்யும் பணியைத் தொடங்கியதும் மன்றம்தான். மகப்பேறு விடுப்பாக 240 நாள்கள் வரை பெற விதிமுறையில் இடம் இருப்பதை உறுப்பினர்களுக்கு எடுத்துச் சொன்னதும் நாங்களே. அலுவலகத்தில் அதைச் சொல்ல ஆளில்லை. அமெரிக்க உளவியல் சங்கத்தின் 17ஆம் பிரிவு ஆலோசனை உளவியலுக்கானது. அதற்கென ஒரு மாணவர் அமைப்பு இருக்கிறது, முனைவர் பட்ட மாணவர்களே அதை நடத்துகிறார்கள். மாணவர்களின் குரலைப் பிரிவுக்குள் கொண்டுசெல்வதும், மாணவர்களைத் தொழிலோடு இணைப்பதும் அவர்கள் வேலை. அவர்கள் படிக்கும் பல்கலைக்கழகங்களின் ஆலோசனை மையங்களை அந்த அமைப்பு நடத்துவதாக நான் கேள்விப்பட்டதில்லை. சுற்றறிக்கைக்குப் பிறகு எங்கள் மன்றத்தின் கூட்டம் ஒருமுறைகூட முறையாக நடக்கவில்லை. கூடிய வேளைகளிலெல்லாம் யார் எந்த நாள் முறைக்குப் போவது என்பதே பேச்சானது. நிர்வாகத்திடம் கேள்வி கேட்கும் அமைப்பை நிர்வாகத்தின் ஒரு பிரிவாக மாற்றிவிட்டால் கேள்விகள் நின்றுவிடும் என்று யாரும் திட்டமிட்டிருப்பார்கள் என நான் சொல்லவில்லை. விளைவு அதுவாகத்தான் இருக்கிறது.

மறுப்பது எளிதன்று என்பதையும் ஆட்சிக்குழு அறிய வேண்டும். ஒவ்வொரு ஆய்வாளரின் பருவ அறிக்கையிலும் நெறியாளர் கையொப்பம் வேண்டும். ஆய்வேட்டுச் சுருக்கம் ஒப்படைக்கத் துறையின் நிலுவையின்மைச் சான்று வேண்டும். முறைப்பட்டியலில் இருந்து விலக விரும்பிய உறுப்பினர் ஒருவரிடம், “சினாப்சிஸ் நேரத்துல பாத்துக்கலாம்” என்று சொல்லப்பட்டிருக்கிறது. சொன்னவர் விளையாட்டாகச் சொல்லியிருக்கலாம். கேட்டவர் மறுநாள் மையத்துக்குப் போனார்.

எங்கள் கோரிக்கைகள் இவை. மன்றத்தை மையமாக மாற்றிய சுற்றறிக்கையை முழுமையாகத் திரும்பப் பெறுங்கள், திருத்தம் போதாது. தீர்ப்பு கோரும் தகுதியுள்ள ஆலோசகர்களை முழுநேரப் பணியில் நியமியுங்கள்; குறைந்தது ஒரு பெண்ணும் ஓர் ஆணும் தேவை; தமிழில் தடையின்றி உரையாடக்கூடியவர்களாக இருக்க வேண்டும்; வகுப்பு, தேர்வு, ஒழுங்கு நடவடிக்கை ஆகிய எதிலும் அவர்களுக்குப் பங்கு இருக்கக் கூடாது. நிரந்தரப் பணியிடத்துக்குக் காலம் ஆகும் என்றால், அதுவரை ஒப்பந்த முறையில் தகுதியானவர்களை ஈடுபடுத்தத் தீர்ப்பின் சொற்களே இடம் தருகின்றன. அறையைத் தேர்வு அலுவலக நடைக்கூடத்தில் இருந்து மாற்றுங்கள். விடுதிச் சுவரொட்டிகளில் இருந்து எங்கள் எண்களை இந்த வாரமே நீக்கி, எந்நேரமும் தமிழில் பேசக்கூடிய, அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி-மனஸ் எண் 14416ஐ அந்த இடத்தில் அச்சிடுங்கள். இப்போதுள்ள பதிவேட்டை எவரும் நகலெடுக்காதவாறு முத்திரையிட்டு, நியமிக்கப்படும் ஆலோசகரிடம் நேரடியாக ஒப்படைக்க ஒப்புதல் தாருங்கள். பெயரும் கையொப்பமும் கேட்கும் பதிவேட்டு முறையைக் கைவிடுங்கள். ஒழுங்குமுறை அமைப்புகளுக்கு அனுப்பும் எந்த அறிக்கையிலும் எங்களில் எவரையும் ஆலோசகராகக் காட்டக் கூடாது; ஏற்கெனவே காட்டியிருந்தால் திருத்தம் அனுப்பி, அதன் படியை மன்றத்துக்குத் தாருங்கள்.

ஆலோசனை வழங்கும் பயிற்சி பெற விரும்பும் ஆய்வாளர்கள் எங்களில் இருக்கிறார்கள், நானும் அவர்களில் ஒருத்தி. அவர்களுக்கென விருப்பத்தின் பேரில் சேரும் பயிற்சி முறை ஒன்றைத் தனியாக உருவாக்கலாம். வெளியில் இருந்து வரும் தகுதியுள்ள மேற்பார்வையாளர் வேண்டும், பயிற்சி பெறுபவர் தாம் கற்பிக்கும் மாணவர்களைச் சந்திக்கக் கூடாது, தம் முன் அமர்ந்திருப்பவர் பயிற்சி நிலையில் உள்ளவர் என்பது வருபவருக்கு முன்கூட்டியே சொல்லப்பட வேண்டும். அதற்கான வரைவைத் தயாரிக்க மன்றம் உழைக்கும். மாணவர் மனநலம் பற்றி முடிவெடுக்கும் குழு எதுவாயினும், அதில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவப் பிரதிநிதிகளுக்கு வாக்குரிமையுடன் இடம் வேண்டும். இந்த மடலில் கையொப்பமிட்டவர்களின் பருவ அறிக்கை, உதவித்தொகை, ஆய்வேட்டு ஒப்படைப்பு ஆகியவற்றில் இதன் காரணமாக எந்த இடையூறும் நேராது என்ற உறுதியை எழுத்தில் தாருங்கள்.

அடுத்த ஆட்சிக்குழுக் கூட்டத்தின் பொருள்நிரலில் இதைச் சேர்த்து, முடிவை எழுத்துபூர்வமாகத் தெரிவிக்க வேண்டுகிறோம். அந்தக் கூட்டம் முடிவின்றிக் கலைந்தால், மாணவர் மனநலம் குறித்து ஆராய 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அமைத்த, முன்னாள் நீதிபதி ரவீந்திர பட் தலைமையிலான தேசியப் பணிக்குழுவுக்கு இந்த மடலின் படியும் சுற்றறிக்கையின் படியும் அனுப்பப்படும்.

புதிதாக வருபவர்களை ஆலோசகர் என்ற பெயரில் சந்திப்பதை வரும் திங்கள்கிழமை முதல் நிறுத்துகிறோம். ஏற்கெனவே எங்களிடம் பேசத் தொடங்கியவர்களைக் கைவிடப்போவதில்லை; அவர்கள் சம்மதித்தால் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நாங்களே உடன் சென்று அறிமுகப்படுத்துவோம். தகுதியுள்ள ஆலோசகர் நியமிக்கப்படும் வரை அந்த அறையின் கதவில் மாவட்ட மனநலத் திட்ட அலுவலகத்தின் முகவரியும் 14416 என்ற எண்ணும் ஒட்டப்பட்டிருக்கும். தயவுசெய்து அதைக் கிழிக்க வேண்டாம் என்று காவல் பணியாளர்களுக்கு அறிவுறுத்துங்கள்.

இப்படிக்கு,
தலைவர் மற்றும் செயற்குழு உறுப்பினர்கள்,
ஆலோசனை உளவியல் ஆய்வு மாணவர் மன்றம்